தோளில் ஒரு அடுக்களை

தை பிறந்துவிட்டால் எங்கள் திருப்பூரில் தாராபுரம் ரோடே பச்சையாகிவிடும். பழனிக்கு நடக்கிற ஜனங்களின் பச்சை வேட்டியும் பச்சைப் புடவையும்தான் காரணம். ஓவர்லாக் மிஷினில் உட்காருகிறவர், செக்கிங் பார்க்கிற பெண்கள், சாயப் பட்டறையில் வேலை செய்கிறவர் என்று எல்லாரும் மாலை போட்டுக்கொண்டு, தைப்பூசத்துக்கு நாலு நாள் இருக்கும்போதே கூட்டம் கூட்டமாகக் கிளம்பிவிடுவார்கள். அவிநாசிபாளையம், குண்டடம், தாராபுரம், அப்புறம் பழனி. ஏறக்குறைய 80 கிலோமீட்டர். வெயிலுக்குப் பயந்து ராத்திரியும் விடியற்காலையும் நடப்போம், பகலில் புளியமரத்து நிழலில் படுப்போம்.

வழிநெடுக அன்னதானத்துக்குக் குறைவே கிடையாது. மோர், சுக்குக் காபி, தக்காளி சாதம் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். "அப்படியிருக்க நீ எதற்கு அடுப்பும் சட்டியும் தூக்கிக்கொண்டு நடக்கிறாய்?" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கு நான் ஒரு ராத்திரிக் கதையைச் சொல்ல வேண்டும்.

என் வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். சர்க்கரை நோய் வந்து பத்து வருஷமாகிறது. இரண்டு வேளை இன்சுலின் ஊசி. ஊசி போட்டால் அரை மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும். சில வருஷங்களுக்கு முன்னால் குண்டடத்தைத் தாண்டி நடந்துகொண்டிருந்தோம். எதிரே பந்தல் வெளிச்சம் தெரிந்தது. போனதும் சாப்பாடு கிடைத்துவிடும் என்று நம்பி, மனுஷர் ஊசியைப் போட்டுக்கொண்டுவிட்டார். போய்ப் பார்த்தால் வரிசை பந்தலுக்கு வெளியே ரோடு வரை நிற்கிறது. சாதம் இன்னொரு பானை வடிக்கிறார்களாம், "பத்தே நிமிஷம்" என்றார்கள். பத்து நிமிஷம் முக்கால் மணி ஆயிற்று.

"ஏனுங்க, ஒரு மாதிரி இருக்கீங்க?" என்றேன்.

"ஒண்ணுமில்ல புள்ள..." என்றார். நாக்கு குழறியது. தை மாசக் குளிரில் சட்டை தெப்பமாக நனைந்திருந்தது. கையைப் பிடித்தால் வெடவெடவென்று ஆடுகிறது. வரிசையில் நின்ற ஒரு பாட்டி மடியிலிருந்து வெல்லக்கட்டியை எடுத்து, "முதல்ல இதை வாயில போடச் சொல்லு கண்ணு" என்று கொடுத்தார். கால் மணியில் தெளிந்துவிட்டார். ஆனால் அந்தக் கால் மணி நேரம் எனக்கு எப்படிப் போயிற்று என்பது பழனியாண்டவனுக்குத்தான் தெரியும்.

ஊருக்கு வந்ததும் டாக்டர் கோபித்துக்கொண்டார். "சாப்பாடு கண்ணுக்குத் தெரிந்தால் போதாதம்மா, கைக்கு வந்திருக்க வேண்டும். அப்புறம்தான் ஊசி" என்றார். வீட்டில் சர்க்கரைக்காரர் இருக்கிற சகோதரிகள் கவனித்துக்கொள்ளுங்கள். இப்படி நடுக்கமும் வியர்வையும் வந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிஷம் பார்த்து, தெளியாவிட்டால் மறுபடியும் கொடுத்து, தெளிந்ததும் சாப்பிட வைக்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் மட்டும் வாயில் ஒன்றும் ஊற்றக் கூடாது. நேரே ஆஸ்பத்திரிதான்.

நடையை நிறுத்திவிடலாம் என்றால் அவர் கேட்கவில்லை. வேண்டுதல். சரி, சாப்பாடு நம் கையிலேயே இருக்கட்டும் என்று நான் தீர்மானம் செய்தேன்.

முதலில் பம்ப் ஸ்டவ்வை எடுத்துப் பார்த்தேன். 1892-ல் ஸ்வீடன் தேசத்தில் லிண்ட்க்விஸ்ட் என்பவர் செய்த பிரைமஸ் ஸ்டவ்வின் வம்சம்தான் அது. 1911-ல் தென் துருவத்துக்கு ஆமுண்ட்சென் போனபோதும், 1953-ல் டென்சிங்கும் ஹிலாரியும் எவரெஸ்ட் ஏறியபோதும் பனியில் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தது அந்த ஜாதி ஸ்டவ்தான். பெருமையெல்லாம் சரி, மண்ணெண்ணெயைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு கூட்டத்தில் நடக்க எனக்குத் தைரியம் இல்லை. கடையில் விற்கும் ஐந்து கிலோ சின்ன சிலிண்டரும் அப்படித்தான். காஸ் ஐந்து கிலோ என்றால் இரும்பின் கனம் தனி.

அடுக்களையில் நின்று யோசித்தபோது கண்ணில் பட்டது கரண்டி ஸ்டாண்ட். சுற்றிலும் பொத்தல் போட்ட எவர்சில்வர் ஸ்டாண்ட் எல்லார் வீட்டிலும் இருக்குமே, அதுதான். பக்கத்து வெல்டிங் பட்டறையில் கொடுத்து, அடியில் ஒரு பக்கம் நாலு விரல் அகலத்துக்கு வாய் திறந்து, விளிம்பை ராவித் தரச் சொன்னேன். உள்ளே தேங்காய் நாரைத் திணித்து, மேலே உடைத்த தேங்காய்த் தொட்டியைப் போட்டுப் பற்றவைத்தால் பொத்தல் வழியாகக் காற்று இழுத்து நீலமும் சிவப்பும் கலந்து எரிகிறது. கொங்கு நாட்டில் தேங்காய்த் தொட்டிக்கு என்ன பஞ்சம்? மூன்று பேர் சமையலுக்கு ஐந்தாறு தொட்டி போதும். ஊதுவதற்கு கம்பெனி நூல் சுற்றி வருகிற அட்டைக் கோன். நுனியில் சின்ன ஓட்டை இருப்பதால் ஊதுகுழல் மாதிரியே வேலை செய்கிறது. தணலுக்கு ரொம்பக் கிட்டே கொண்டுபோகாமல் இருந்தால் சரி.

மொட்டை மாடியில் ஒத்திகை பார்த்த முதல் நாளே போசி கவிழ்ந்து பருப்புத் தண்ணீரெல்லாம் தரையில் ஓடியது. என் அத்தை எட்டிப் பார்த்து, "அம்முணி, இதென்ன சொப்புச் சாமான் விளையாட்டா? மூணு கல்லு வெச்சாத்தானே அடுப்பு" என்றார். பெரியவர்கள் பேச்சு வீண் போகாது. உயரமாய் ஒல்லியாய் இருக்கும் ஸ்டாண்டின் மேல் பாத்திரத்தை வைத்தால் அது நிற்காது. இப்போது சுற்றிலும் மூன்று கல், போசி கல்லின் மேல். ஸ்டாண்ட் நடுவில் நெருப்பை மட்டும் பார்த்துக்கொள்ளும். வழியில் கல்லுக்கா குறைவு? அதைச் சுமக்க வேண்டிய அவசியமும் இல்லை.

பாத்திரம் என்று பார்த்தால் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் மூன்றுதான். இரண்டு லிட்டர் தூக்குப்போசி ஒன்று, அதற்குள் ஒரு லிட்டர் போசி, அதற்குள் ஒரு டம்ளர். கரண்டி ஸ்டாண்டும் போசிக்குள்ளேயே போய்விடும் அளவாகப் பார்த்து வாங்கினேன். பெரிய போசியின் மூடி இறுக்கமாக இருக்க வேண்டியது ரொம்ப முக்கியம். கடையிலேயே தண்ணீர் ஊற்றித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து வாங்கினேன். கடைக்காரர் முறைத்தார். இருக்கட்டும்.

ஆனால் இந்தச் சாமான்களில் ராஜா அடுப்பும் இல்லை, போசியும் இல்லை. பைதான்.

எங்கள் ஊரில் பனியன் துணிக்கழிவு மலை மலையாகக் குவியும். அதைத் தரம் பிரித்து மறுபடி நூலாக்குகிறார்கள், மிஷின் துடைக்க மூட்டை மூட்டையாக வெளியூருக்கு அனுப்புகிறார்கள். என் வீட்டுக்காரர் ஒரு கிலோ கட்டிங் வேஸ்ட் வாங்கி வந்தார். கொதிக்கிற பாத்திரத்தை இந்தத் துணிக்குள் புதைத்துவிட்டால் சூடு வெளியே போகாது. அந்தச் சூட்டிலேயே மீதிச் சமையல் வெந்துவிடும். புது வித்தை ஒன்றும் இல்லை. உலக யுத்தங்களின்போது ஐரோப்பாவில் விறகும் கரியும் கிடைக்காமல், பெட்டியில் வைக்கோலைத் திணித்து அதற்குள் கொதிக்கும் பானையை வைத்துத்தான் எத்தனையோ குடும்பங்கள் சமைத்தன. நமக்கு வைக்கோலுக்குப் பதில் பனியன்.

இதில் நான் செய்த தப்பைச் சொல்லியே ஆக வேண்டும். முதல் பையை, பார்க்கப் பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கிறதே என்று குளிர்ச் சட்டைக்கு வரும் துணியில் தைத்தேன். அது பாலியஸ்டர். அடுப்பிலிருந்து எடுத்த போசியை அதற்குள் வைத்ததும் அடித்துணி பாகாக உருகி ஒட்டிக்கொண்டது. என் பெண் பதறிப்போய் இழுத்தாள். உருகிய துணி விரலில் ஒட்டிவிட்டது. பிய்க்காமல், குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் கையைக் காட்டச் சொல்லி, அப்படியே டாக்டரிடம் அழைத்துப் போனேன். இன்றைக்கும் அவள் ஆள்காட்டி விரலில் ஒரு வெள்ளைத் தழும்பு உண்டு. ஊரெல்லாம் துணி செய்கிற ஊரில் இருந்துகொண்டு, வீட்டில் கட்டிங் மாஸ்டரையும் வைத்துக்கொண்டு, எது பருத்தி என்று பார்க்காமல் போனேனே என்று எத்தனை நாள் நொந்துகொண்டேன்!

துணியைக் கண்டுபிடிப்பது சுலபம். ஒரு நூலை இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டுங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், விரலில் தேய்த்தால் சாம்பலாக உதிரும். சுருண்டு உருகி, ஆறியதும் கடுகு மாதிரிக் கெட்டியாக உருண்டு நின்றால் அது பாலியஸ்டர், அல்லது கலப்பு. அதைத் தள்ளுங்கள்.

பருத்திக் கழிவை ஒரு தரம் துவைத்துக் காயவைத்து விடுங்கள். மிஷின் எண்ணெயும் சாயமும் போகும். போசியின் உயரத்துக்கும் சுற்றளவுக்கும் கெட்டிப் பருத்தித் துணியில் இரண்டு உறை வெட்டி, நடுவே மூன்று விரல் கனத்துக்குக் கழிவை நிரப்ப வேண்டும். நிரப்பும்போது பொதபொதவென்று விட வேண்டும். தலையணை மாதிரி இடித்து அடைத்தால் பிரயோஜனமில்லை, துணிக்கு இடையில் நிற்கிற காற்றுதான் சூட்டைப் பிடித்து வைக்கிறது. கழிவு ஒரே பக்கம் இறங்கிவிடாமல் அங்கங்கே குறுக்கே ஒரு தையல். அடிக்கு வட்டமாக ஒரு திண்டு, மேலே மூட ஒரு திண்டு. வாயைச் சுருக்க, தொப்பி வைத்த பனியனுக்குக் கோர்க்கிற நாடா மிச்சம் இருந்தது. தோளில் மாட்ட அகலப் பட்டை. உள்ளே தனியாக எடுத்துத் துவைக்கிற மாதிரி பழைய துண்டு ஒன்று.

போசியைப் பைக்குள் வைக்குமுன் ஒரு காரியத்தை மறக்கவே கூடாது. அடிப்பக்கத்தை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துவிடுங்கள். ஒரு பொட்டு தணல் ஒட்டியிருந்தாலும் பஞ்சு உள்ளுக்குள்ளேயே புகைந்து புகைந்து எரியும், வெளியே தெரியாது. அடுப்பில் ஏற்றும் முன்பே போசிக்கு வெளியே மண்ணையும் சாம்பலையும் குழைத்துப் பூசிவிட்டால் கரியும் பிடிக்காது; ஈரத்துணியோடு சேர்ந்து வந்துவிடும்.

சமையல் என்ன? எங்கள் பக்கத்து அரிசியும் பருப்பும் சாதம்தான். நடைக்கென்றே அதைக் கண்டுபிடித்தார்களோ என்னவோ! ஒன்றரை டம்ளர் அரிசி, அரை டம்ளர் துவரம் பருப்பு, ஐந்து டம்ளர் தண்ணீர். கிளம்புமுன் ஒரு மணி நேரம் பருப்பும், அரை மணி அரிசியும் ஊற வேண்டும். சின்ன வெங்காயம், பூண்டு, வரமிளகாய், சீரகம், கறிவேப்பிலை எல்லாவற்றையும் வீட்டிலேயே தேங்காயெண்ணெயில் சிவக்கத் தாளித்து டப்பியில் போட்டுக்கொள்வேன். தை மாசக் குளிருக்கு இரண்டு நாள் தாங்கும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு மஞ்சளும் உப்பும் சேர்த்து, தளதளவென்று கொதி வந்தபின் பத்து நிமிஷம். மூடி, துடைத்து, பைக்குள் இறக்கி, நாடாவைச் சுருக்கினால் அடுப்படி வேலை முடிந்தது. அடுப்புத் தணலில் தண்ணீர் ஊற்றிக் கிளறி, கை வைத்துப் பார்த்து, மண்ணைத் தள்ளிவிட்டுக் கிளம்புவோம். தையில் ரோட்டோரப் புல்லெல்லாம் காய்ந்து கிடக்கும். ஒரு பொறி போதும், சோளத்தட்டுப் போர் போய்விடும். அதனால் தோட்டத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நான் பற்றவைப்பதில்லை. கேட்டால் கிணற்றுத் தண்ணீரும் இறைத்துத் தருவார்கள்.

இனிமேல்தான் வேடிக்கை. நாங்கள் நடக்க நடக்கத் தோளில் சாதம் வெந்துகொண்டே வரும். ஒரு மணி நேரம் கழித்து எங்கே உட்காருகிறோமோ அங்கே சுடச்சுடச் சாப்பாடு. வரிசையும் இல்லை, பத்து நிமிஷமும் இல்லை.

பையைத் தூக்கிக்கொண்டு போனபோது ஒரு பெண், "ஏனுங்க்கா, பச்சைக் குழந்தையைத் தூக்கிட்டா இந்தப் பனியில நடக்கறீங்க?" என்று பதறினாள். திறந்து காட்டினேன். ஆவியும் சீரக வாசனையும் முகத்தில் அடிக்க, அவள் சிரித்த சிரிப்பு! அப்புறம் தாராபுரம் வரை எங்களோடுதான் நடந்தாள்.

வழியில் குண்டடத்தில் வடுகநாதர் என்று பைரவர் கோயில் இருக்கிறது. மிளகு மூட்டையோடு வந்த வியாபாரி, கஷாயத்துக்குக் கொஞ்சம் மிளகு கேட்ட கிழவரிடம் "இது பச்சைப் பயறு" என்று பொய் சொல்ல, மூட்டையெல்லாம் பயறாகவே மாறிப்போயிற்றாம். கிழவராக வந்தவர் பைரவர். அந்தக் கதையைக் கேட்டதிலிருந்து யாராவது ஒரு கை சாதம் கேட்டால் இல்லை என்று சொல்ல எனக்குப் பயம். தாராபுரத்தைத்தான் பாரதத்தில் வரும் விராட நகரம் என்று அந்த ஊரார் சொல்வார்கள். பீமன் சமையல்காரனாக ஒளிந்திருந்த அரண்மனை அங்கேதானாம். அமராவதி ஆற்றங்கரையில் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு வைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஞாபகம் வரும். பீமனுக்கும் எவ்வளவு பெரிய போசி வேண்டியிருந்திருக்கும்!

சாப்பாட்டு விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பும் வேண்டும். பை சூட்டைப் பிடித்து வைக்கிறதே ஒழிய புதிதாகச் சூடு கொடுப்பதில்லை. ராத்திரி வைத்துக் காலையில் திறக்கலாம் என்று நினைக்காதீர்கள். இளஞ்சூட்டில் கிடக்கிற சாதத்தில் கிருமி சீக்கிரம் பெருகும். இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். ராஜ்மா மாதிரிப் பயறுகள் இதற்கு ஆகாது, நெருப்பில் நன்றாகக் கொதித்து வெந்தால்தான் அவற்றின் நச்சு போகும். போசி முக்கால் பங்காவது நிறைந்திருக்க வேண்டும். அரைப் போசி சாதம் பாதியில் ஆறிவிடுகிறது. அவருக்காகச் சில வேளை அரிசிக்குப் பதில் சாமை போடுவேன். அது இன்னும் சீக்கிரம் வேகும். இன்சுலின் மருந்தை இந்தப் பையின் கிட்டேகூட வைக்காமல், தனியாக ஈரத்துணி சுற்றிய சின்ன மண் கலயத்தில் என் பெண் எடுத்து வருகிறாள். மருந்துச் சீட்டும் வெல்லக்கட்டியும் அவர் சட்டைப் பையில்.

பச்சரிசி, பருப்பு, ரவை நீங்கலாகச் சாமான்கள் எல்லாம் சேர்ந்து மூன்று கிலோவுக்குள் அடங்கிவிட்டன. தட்டுக்குப் பதில் மந்தாரை இலை. பிளாஸ்டிக் தட்டும் டம்ளரும் 2019 ஜனவரியிலிருந்தே நம் மாநிலத்தில் தடை செய்யப்பட்டவை, எடுத்துப் போகாதீர்கள்.

போன வருஷம் எங்கள் குழுவில் ஒருவர், "இவ்வளவு கெட்டிக்காரத்தனமா சாமான் சேர்த்திருக்கீங்க, அடுத்தது ரயில்ல காசிக்கே போலாமுங்க. ஒரு சின்ன சிலிண்டர் மட்டும் வெச்சுக்கிட்டா டீ காபிக்குக் கவலையில்லை" என்றார். எனக்குச் சுரீரென்றது. 2023 ஆகஸ்ட் 26 அன்று விடியற்காலை மதுரை ரயில் நிலையத்தருகே நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டியில் என்ன நடந்தது என்று மறந்துவிட்டாரா? லக்னோவிலிருந்து கோயில் பார்க்க வந்த யாத்ரீகர்கள். விதிக்கு மாறாகக் கொண்டுவந்த காஸ் சிலிண்டரில் பெட்டிக்குள்ளேயே டீ போடப் பற்றவைத்தார்கள். ஒன்பது பேர் போய்விட்டார்கள். நம்மைப் போலவே, வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிற சாப்பாடு தன் கையாலேயே வேண்டும் என்று சாமான் கட்டிக்கொண்டு கிளம்பியவர்கள்தானே அவர்கள்! 1989-ம் வருஷத்து ரயில்வே சட்டப்படி, தீப்பற்றும் சாமானை வண்டியில் கொண்டுபோனால் மூன்று வருஷம் வரை ஜெயில் தண்டனை உண்டு. சட்டம் கிடக்கட்டும், மூடிய பெட்டியில் நெருப்பு வந்தால் ஓட வழி ஏது? வேனில் போகிறவர்களும் வண்டிக்குள்ளே அடுப்பு மூட்டாதீர்கள். பையில் வைத்த போசி வேனிலும் வேகும். கொதிக்க வைப்பது மட்டும் இறங்கி, வெட்டவெளியில். ரயிலில் போனால் நான் சப்பாத்தியும் புளிச்சாதமும்தான் கட்டுவேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

இந்த வருஷம் சண்முகநதிக்குப் போய்ச் சேர்ந்தபோது கிழக்கு வெளுக்கவில்லை. தூரத்தில் மலைமேல் விளக்கு தெரிந்தது. நதிக் கரையில் காலை நீட்டி உட்கார்ந்து பையின் நாடாவை அவிழ்த்தேன். குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த ஒரு பாட்டி, போசியை எடுத்த பிறகு காலிப் பையைக் காட்டி, "இதுக்குள்ள கை வெச்சுக்கட்டுமா சாமி?" என்று கேட்டார். "வெச்சுக்குங்க பாட்டி" என்று மடியிலேயே கொடுத்துவிட்டேன். இரண்டு கையையும் உள்ளே விட்டுக்கொண்டு கண்ணை மூடினார். அவருக்கும் ஓர் இலை போட்டோம்.

என் வீட்டுக்காரர் இலையில் சாதம் விழுந்து, நெய்யும் விழுந்து, நான் "ம்" என்று சொன்ன பிறகுதான் ஊசியை எடுத்தார்.